கவர் வர்றதுக்கு முந்தின நாலே முக்கால் வருஷம்

எங்க கொல்லிமலைக்கு காரவள்ளியில இருந்து ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. வெளியூர்க்காரங்க சோளக்காடு வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு வயிறு கலங்கிடும். ஆனா தேர்தல் நேரத்துல வர்ற கவர் இருக்கு பாருங்க, அது ஒரு வளைவுலயும் தடுமாறாது. ரோடு போகாத ஊருக்கும் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்துடும். "ஆம்புலன்ஸை விட வேகமா வர்றது அது ஒண்ணுதான்"னு இங்க ஒரு கிண்டலே உண்டு.

கொஞ்ச நாளாவே ரெண்டு விதமான பேச்சு காதுல விழுது. "ஃபேஸ்புக், வாட்ஸப், யூடியூப் எல்லாம் வந்தாச்சு, இனிமே காசில்லாதவனும் அரசியல்ல ஜெயிக்கலாம்"ங்கறது ஒண்ணு. "அட போங்க சார், கடைசி ரெண்டு ராத்திரி எவன் கவர் குடுக்கறானோ அவன்தான் ஜெயிப்பான்"ங்கறது இன்னொண்ணு. எனக்கு ரெண்டுமே பாதி உண்மையாத்தான் படுது. மீதிப் பாதி என்னன்னு யோசிச்சதுல வந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

(புதுசா வர்றவங்களுக்கு: நான் செம்மேட்டுப் பக்கம் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன். சாதிச் சான்றிதழ், பட்டா மனு, ஆதார் திருத்தம்... இதுதான் பொழப்பு. அதனால மலையில யார் கையில எந்த ஃபோன் இருக்குன்னு ஓரளவு தெரியும்.)

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. அரசியல்ல பணம் எதை வாங்குது? எனக்குத் தெரிஞ்சு மூணு விஷயம். ஒண்ணு, அறிமுகம். ரெண்டு, ரகசியம். மூணு, ஓட்டு. ஃபோன் இந்த மூணையும் ஒரே மாதிரி பாதிக்கல. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதாலதான் ரெண்டு கோஷ்டியும் சண்டை போடுது.

அறிமுகத்தை எடுத்துக்குங்க. மலையில மொத்தம் 14 ஊராட்சி. வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடுன்னு பேர்லயே ஒவ்வொண்ணும் தனி நாடு :-) ஒரு ஊராட்சிக்குள்ளயே சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும். ஒரு வேட்பாளர் எல்லா ஊருக்கும் முகம் காட்டணும்னா ஜீப் வேணும், டீசல் வேணும், கூட வர்ற பசங்களுக்குச் சாப்பாடு வேணும், கொடி, மைக்செட், நோட்டீஸ் வேணும். தமிழ்நாட்டுல பழங்குடியினருக்குன்னு ஒதுக்கின சட்டமன்றத் தொகுதியே ரெண்டுதான். ஏற்காடு ஒண்ணு, எங்க சேந்தமங்கலம் ஒண்ணு. தொகுதியை ஒதுக்கிட்டாங்க, சரி. ஆனா மலையாளிப் பழங்குடியில மிளகும் சாமையும் போட்டுப் பொழைக்கிற ஒருத்தர், கட்சிப் பணம் இல்லாம அந்தத் தொகுதியை ஒரு சுத்து சுத்தி வர முடியுமா? ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யலாம்னு 2022ல நிர்ணயிச்ச உச்சவரம்பு 40 லட்சம். அதுவும் வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பேர்ல செய்யற பொதுப் பிரச்சாரச் செலவுக்கு வரம்பே கிடையாது. 40 லட்சத்தை மிளகு வித்துச் சேர்க்கணும்னா எத்தனை தலைமுறை ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

இந்த இடத்துல ஃபோன் நிஜமாவே உதவி பண்ணுது. 2 நிமிஷக் காணொளி ஒண்ணு ஜீப் போகாத ஊருக்கும் போகும். டீசல் கேக்காது. நாம் தமிழர் கட்சியையே பாருங்க. அவங்க கொள்கை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதாங்கறது இங்க பேச்சில்ல. கணக்கை மட்டும் பாக்கலாம். 2016ல சுமார் 1.1 சதவீதம், 2021ல 6.6, 2024ல 8.2. பெரிய கூட்டணி இல்ல, சொந்தமா பெரிய டிவி சேனல் இல்ல. அந்தக் கட்சிப் பேச்சை மலையில முக்கால்வாசிப் பேர் கேட்டது யூடியூப்லதான். ஆனா அதே கணக்கோட மறுபக்கம், 2024 தேர்தல் வரைக்கும் அவங்களால ஒரு தொகுதியிலயும் ஜெயிக்க முடியல. அறிமுகம் மலிவாச்சு. வெற்றி மலிவாகல.

பணம் திரட்டறதுலயும் இதே கதைதான். 2013 டெல்லித் தேர்தலுக்கு ஆம் ஆத்மி கட்சி 20 கோடி ரூபாய் இலக்கு வெச்சு, இணையம் வழியாவும் நன்கொடை வாங்கி, இலக்கு வந்ததும் "போதும், அனுப்பாதீங்க"ன்னு சொன்னாங்க. பின்னாடி அந்தக் கட்சி எப்படிப் போச்சுங்கறது வேற விவாதம். ஆனா "பெரிய முதலாளி இல்லாம தேர்தல் நடத்தவே முடியாது"ங்கற பேச்சை அது உடைச்சது.

ரெண்டாவது, ரகசியம். இதுல ஃபோனோட பலத்தை நாம எல்லாரும் கண்ணால பாத்தோம். தேர்தல் பத்திரத் திட்டம் 2018ல நடைமுறைக்கு வந்தது. யார் எந்தக் கட்சிக்குக் குடுத்தாங்கன்னு ஓட்டுப் போடறவனுக்குத் தெரியக் கூடாதுங்கறதுதான் அதோட அமைப்பே. 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் "செல்லாது"ன்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. மார்ச் மாசம் பட்டியல் வெளிய வந்தது. வாங்கினவங்க ஒரு பட்டியல், பணமாக்கின கட்சிகள் இன்னொரு பட்டியல். அப்புறம் ரெண்டையும் சேர்க்கிற வரிசை எண்கள். பத்திரிகைக்காரங்க ஒரு பக்கம், சம்பளம் வாங்காத சாதாரண ஆளுங்க ஒரு பக்கம் எக்செல்ல போட்டுப் பொருத்திப் பாத்து ட்விட்டர்லயும் ஃபேஸ்புக்லயும் போட்டுத் தாக்கினாங்க. பத்திரம் அதிகமா வாங்கினது கோயமுத்தூர் லாட்டரி மார்ட்டினோட ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதுல 509 கோடி தங்களுக்கு வந்ததுன்னு திமுகவே தேர்தல் ஆணையத்துக்குக் குடுத்த விவரத்துல இருந்தது. எல்லாக் கட்சியையும் விட அதிகம் வாங்கினது பாஜக, 6,000 கோடிக்கு மேல. கடையில டீ குடிச்சுக்கிட்டு ஃபோன்ல இதைப் பாத்த ஒரு மிளகு வியாபாரி, "நமக்கு ஐநூறு, அவங்களுக்கு ஐநூறு கோடி"ன்னாரு. சிரிச்சுட்டோம்.

சிரிச்சதோட சரி. ஏப்ரல் 19ல தமிழ்நாட்டுல ஓட்டுப்பதிவு. பட்டியல் பாத்ததால யாரோட ஓட்டாவது மாறுச்சான்னா, ஊர்ல நான் பாத்த வரைக்கும் இல்ல. ரகசியம் உடையறது பெரிய விஷயம்தான். ஆனா உடைஞ்சா மட்டும் போதாது.

இப்ப மூணாவதுக்கு வருவோம். கவர்.

2009 ஜனவரி இடைத்தேர்தல்ல இருந்து "திருமங்கலம் ஃபார்முலா"ங்கற பேர் தமிழ் அரசியல் அகராதியில நிலைச்சுப் போச்சு. 2016ல பணப் பட்டுவாடான்னு சொல்லி அரவக்குறிச்சியிலயும் தஞ்சாவூர்லயும் தேர்தலைத் தள்ளி வெச்சு, அப்புறம் நவம்பர்லதான் நடத்தினாங்க. 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் ரத்து. 2019ல வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து. ஆர்.கே.நகர்ல வருமான வரிச் சோதனையில சிக்குன காகிதத்துல 89 கோடி ரூபாய்க் கணக்கு இருந்ததுன்னு செய்தி வந்து, அந்தக் காகிதமே எல்லார் ஃபோனுக்கும் வந்தது. அதே டிசம்பர்ல மறுபடி தேர்தல். 20 ரூபாய் நோட்டை டோக்கனாக் குடுத்தாங்கன்னு புகார், அதுக்கும் ஊரெல்லாம் மீம்ஸ். தெரியாதவங்களே இல்ல. அப்பவும் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்தான் 40,707 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார்.

இன்னொரு கணக்கு. 2016 சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுல பறிமுதல் ஆன பணம், பொருள் எல்லாம் சேர்த்து சுமார் 131 கோடி. 2021ல சுமார் 446 கோடி. நடுவுல என்ன நடந்தது? 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து, ஃபோன்ல படம் பாக்கறது கை சொடுக்கற விலைக்கு வந்துச்சு. சோதனை கடுமையானதும் இந்தத் தொகை கூடினதுக்கு ஒரு காரணமா இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு நிச்சயம். எல்லார் கையிலயும் கேமரா வந்ததால கவர் பயந்து ஓடிடல.

ஏன் ஓடல? "வீடியோ எடுத்துப் போடுங்க"ன்னு பட்டணத்துல இருந்து சொல்றது ரொம்ப சுலபங்க. எங்க ஊர்ல கவர் கொண்டு வர்றது மீசை வெச்ச வில்லன் இல்ல. சித்தப்பா பையன். மாமன். போன மாசம் நம்ம வீட்டுச் சாவுக்கு வந்து ராத்திரி முழுக்க உக்காந்திருந்தவர். நாப்பது வீடு இருக்கிற ஊர்ல அவரைப் படம் புடிச்சு ஊருக்குக் காட்டிட்டு, மறுநாள் எங்க போய்த் தண்ணி எடுக்கறது?

அடுத்தது சட்டம். தேர்தல்ல லஞ்சம் குடுக்கறதும் குற்றம், வாங்கறதும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துலயும் அப்படித்தான், 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலயும் அப்படித்தான். ஒரு வருஷம் வரைக்கும் சிறை போகலாம். அப்ப நான் கவர் வாங்கினதை வீடியோ எடுத்துப் போட்டேன்னா, என் மேல நானே வழக்குக்கு ஆதாரம் குடுத்த மாதிரி. இதை விடப் பெரிய வாய்ப்பூட்டு வேணுமா?

தேர்தல் ஆணையத்தோட சி-விஜில் செயலி 2018ல இருந்து இருக்கு. 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைன்னு சொல்றாங்க, பேர் சொல்லாமலும் புகார் பண்ணலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா முன்னாடியே எடுத்து வெச்ச படத்தை அதுல அனுப்ப முடியாது, அங்கயே எடுத்து அங்கயே அனுப்பணும். சிக்னலுக்காகப் பாறை மேல ஏறி நிக்கற ஊர்ல, ராத்திரி 11 மணிக்கு... சரி விடுங்க.

அப்ப ஃபோனால ஒண்ணும் ஆகாதா? ஆகும். ஆன கதையே பக்கத்துல இருக்கு.

2019 ஏப்ரல். ராசிபுரத்துல பச்சைக் குழந்தை விற்பனை பத்தின ஆடியோ ஒண்ணு வாட்ஸப்ல சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? பேசின அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பது வருஷமா இந்த வேலை பண்றதாச் சொன்னாங்க. ஆடியோ வெளிய வந்த உடனே கைது, அப்புறம் சிபிசிஐடி விசாரணை. கொல்லிமலையில பிறந்த குழந்தைங்களோட பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் சரிபார்த்தாங்க. முப்பது வருஷமா யாரும் கேக்காத ஒண்ணை ஒரு சில நிமிஷ ஆடியோ கேக்க வெச்சது.

2024 மார்ச். எங்க நாமக்கல் மக்களவைத் தொகுதி. திமுக கூட்டணியில கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஒருத்தரை வேட்பாளரா அறிவிச்சது. சாதி ஆணவக் கொலையை நியாயப்படுத்துற மாதிரி அவர் பேசின பழைய காணொளி பரவுச்சு. சில நாள்லயே ஆளை மாத்திட்டாங்க. மாத்தி நிறுத்தினவர்தான் ஜெயிச்சும் வந்தார். அந்தக் காணொளியைப் பரப்பினவங்களுக்கு டேட்டா தவிர என்ன செலவு?

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல். பண்ருட்டி பக்கம் நடுக்குப்பத்துல ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதா காணொளியோட செய்தி வந்தது. அந்தத் தேர்தல்ல ஒரு ஊராட்சித் தலைவர் வேட்பாளர் செய்யலாம்னு இருந்த செலவு வரம்பு எவ்வளவு தெரியுமா? 34,000 ரூபாய்! அது வரைக்கும் ஊருக்குள்ளயே முடிஞ்சுக்கிட்டிருந்த விஷயம் அன்னிக்குத்தான் நாடு பூரா பேச்சாச்சு.

இந்த மூணையும் கவருக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மூணுலயும் எதுவும் கடைசி ரெண்டு ராத்திரியில நடக்கல. மூணுலயும் சொன்னவன் சிறைக்குப் போகற பயம் இல்ல. மூணுலயும் "அந்த ஆள் இப்படி"ங்கறதை ஆதாரத்தோட ஊர் கேட்டது. கவர் விஷயத்துல இது மூணுமே தலைகீழ்.

எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர்கிட்ட ஒரு தடவை கேட்டேன், "ஏனுங்க பெரியப்பா, ஐநூறுக்கு அஞ்சு வருஷத்தை விக்கறீங்களே?"ன்னு. அவர் கோபப்படல. "தம்பி, அஞ்சு வருஷத்துல அவங்ககிட்ட இருந்து உறுதியா வர்றது அது ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னுட்டா எனக்கு என்ன மிச்சம்?"னார். என்கிட்ட பதில் இல்ல.

அந்தப் பதில்தான் இந்தப் பதிவோட சாரம். பணம் ஜெயிக்கறது கடைசி ரெண்டு ராத்திரியில இல்லீங்க. அதுக்கு முந்தின நாலே முக்கால் வருஷ மௌனத்துல. ரோடு ஏன் வரல, போர்வெல் ஏன் ஓடல, தெருவிளக்குக்கு எழுதின பணம் எங்க, எதுக்கும் பதில் இல்ல. எல்லாரும் ஒரே மாதிரின்னு ஆனப்புறம், ஆளுக்கு ஆள் வித்தியாசம் கவர்ல மட்டும்தான் தெரியும். அப்ப கவர்தான் ஜெயிக்கும், வேற எது ஜெயிக்கும்? ஃபோனை அந்த ரெண்டு ராத்திரிக்கு வெச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது. நாலே முக்கால் வருஷத்துக்கு எடுத்தா ஆகும்.

எப்படின்னு கேட்டா, பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். 2020ல இருந்து இ-கிராம் ஸ்வராஜ்னு ஒரு அரசு தளம் இருக்கு. ஊராட்சி என்ன வேலைக்குத் திட்டம் போட்டது, என்ன செலவு எழுதினதுன்னு அதுல யார் வேணா பாக்கலாம். அதை ஒரு படமா எடுத்து, பக்கத்துல அந்த இடத்தோட இன்னிக்கு நிலைமையை ஒரு படமா எடுத்து, ஊர் வாட்ஸப் குரூப்ல போடுங்க. திட்டு வேண்டாம், கிண்டல் வேண்டாம். ரெண்டு படம் போதும். கிராம சபை நடக்கறப்போ அதே படத்தைக் கையில வெச்சுக்கிட்டு எந்திரிச்சுக் கேளுங்க. வேட்பாளரோட சொத்து, வழக்கு விவரமெல்லாம் 2002, 2003 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளால நமக்குக் கிடைச்ச உரிமை. குற்ற வழக்கு இருக்கிறவரை ஏன் நிறுத்தறோம்னு கட்சிகள் தங்களோட சமூக ஊடகப் பக்கத்துலயே போடணும்னு 2020 பிப்ரவரியில உத்தரவு இருக்கு. எத்தனை பேர் போய்ப் படிச்சிருக்கோம்?

சட்டத்துல ஒரு மாற்றமும் வேணும். ஊழல் தடுப்புச் சட்டத்துல 2018ல ஒரு திருத்தம் வந்தது. கட்டாயத்தால லஞ்சம் குடுத்தவர் 7 நாளுக்குள்ள புகார் சொல்லிட்டா அவருக்குத் தண்டனை இல்ல. தாலுகா ஆபீஸ்ல குடுத்தவனுக்கு இருக்கற இந்தப் பாதுகாப்பு, வாசல்ல கவர் திணிக்கப்பட்டவனுக்கு ஏன் இல்ல? வாங்கினவன் ஒரு வாரத்துக்குள்ள சொன்னா தப்பிக்கலாம்னு ஆகட்டும். அப்புறம் கவர் குடுக்கறவனுக்கு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு சந்தேகம் வரும்.

இதெல்லாம் சொல்லிட்டு மறுபக்கத்தைச் சொல்லலைன்னா தப்பு. பணமும் சும்மா இல்ல, அதுவும் ஃபோனுக்குள்ள குடி வந்துடுச்சு. ஐடி விங், காசுக்கு மீம் போடற பக்கம், "நடுநிலை"ன்னு போர்டு மாட்டின சேனல். ஜீப்புக்குப் போன டீசல் காசு இப்ப விளம்பரத்துக்குப் போகுது. சமூக ஊடகச் செலவையும் கணக்குல காட்டணும்னு தேர்தல் ஆணையம் 2013லயே சொல்லியாச்சு. கூகுளும் ஃபேஸ்புக்கும் 2019ல இருந்து இந்திய அரசியல் விளம்பரத்துக்கு யார் பணம் கட்டினாங்கன்னு காட்டற பக்கம் வெச்சிருக்காங்க. ஆனா ரசிகர் பேர்ல, நலம்விரும்பி பேர்ல வர்றது எந்தக் கணக்குல வரும்?

வதந்தி இன்னும் மோசம். 2018 மே மாசம் பிள்ளை புடிக்கறவங்கன்னு வாட்ஸப்ல கிளம்பின புரளியில, திருவண்ணாமலை மாவட்டத்துல கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடிச்சே கொன்னாங்க. அதே ஃபோன், அதே ஃபார்வேர்ட் பட்டன். அதனாலதான் சொல்றேன், ஆதாரம் இல்லாத எதையும் போடாதீங்க. அரசாங்கத்தோட கணக்கு, நம்ம கண்ணு பாத்த படம், இந்த ரெண்டுக்கு மேல ஒண்ணும் தேவையில்ல.

பதிவர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லி அரசியலையும் அமெரிக்கத் தேர்தலையும் நாம பிரிச்சு மேயறோம். நம்ம சொந்த ஊராட்சியைப் பத்தி எத்தனை பேர் எழுதியிருக்கோம்? சும்மா ஒரு ஆசைதான். ஆளுக்கு ஒரு ஊராட்சி. அவங்கவங்க பொறந்த ஊரா இருந்தா நல்லது. மூணு மாசத்துக்கு ஒரு பதிவு, கணக்கும் படமும் மட்டும். நான் மலையில ஒரு நாட்டை எடுத்துக்கறேன். எந்த நாடுன்னு இப்பச் சொல்ல மாட்டேன், தலைவர் நம்ம கடைக்கு வர்றவர் :-)

கவரை ஒழிச்சுடலாம்னு நான் சொல்லல. பெரியவர் கேட்டாரே "என்ன மிச்சம்?"னு, அதுக்கு அடுத்த தடவை காட்டறதுக்கு நாலு பக்கக் கணக்காவது கையில இருக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

டிஸ்கி: இந்தக் கட்சியைச் சொன்னியே, அந்தக் கட்சியை விட்டுட்டியேன்னு சண்டைக்கு வர்றவங்க, விட்டுப் போனதை ஆதாரத்தோட பின்னூட்டத்துல போடுங்க. சேர்த்துக்கலாம். ஆதாரம் இல்லாத கும்மிக்கு மட்டும் இங்க இடம் இல்ல மக்களே.